பெக்காமின் பணம் எங்கிருந்து வந்தது?

பிரிட்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை 2025இல் வெளியிட்ட பணக்காரர்கள் பட்டியலில், முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் – விக்டோரியா தம்பதியின் சொத்து 50 கோடி பவுண்டு என்று கணக்கிட்டிருந்தது. பெக்காம் காலணியைக் கழற்றி வைத்து அப்போது 12 வருடம் ஆகியிருந்தது. அவர் ஐந்து நாடுகளில் ஆடி வாங்கிய சம்பளத்தை எல்லாம் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தாலும் இந்தத் தொகை வராது. விளம்பரப் பணத்தைச் சேர்த்தாலும் கணக்கு முழுதாகப் புரிபடாது. அப்புறம் எங்கிருந்துதான் வந்தது?

அதற்குப் பதில் பெரும்பாலும் 2007இல் அவர் அமெரிக்காவில் கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஊடகங்கள் அவருடைய சம்பளத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதின. அதே ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஷரத்துக்கு வருவதற்கு முன், ஒரு கால்பந்து வீரர் அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கும் நிலைக்கு எப்படி வந்தார் என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று 1961 வரை விதியே இருந்தது. கடைசியாக அந்த உச்சவரம்பு வாரத்துக்கு 20 பவுண்டு. பிரஸ்டன் அணிக்கு ஆடிய டாம் ஃபின்னி அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். அவருக்குப் பிழைப்பு குழாய் வேலை. ஊரில் அவரைப் ‘பிரஸ்டன் பிளம்பர்’ என்றே கூப்பிட்டார்கள். 1952இல் இத்தாலியின் பலெர்மோ அணி அவருக்கு 10,000 பவுண்டு முன்பணம், மாதம் 130 பவுண்டு சம்பளம், ஒரு பங்களா, கார் எல்லாம் தருவதாகச் சொன்னது. பிரஸ்டன் அணி அனுப்ப மறுத்துவிட்டது. கதை அதோடு முடிந்தது. வீரருடைய விருப்பத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் அன்றைய அணிகளுக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைத் தங்களிடமே பிடித்து வைத்துக்கொள்ள அவற்றால் முடிந்தது.

வீரர்கள் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் என்று மிரட்டி 1961இல் அந்த உச்சவரம்பை ஒழித்தார். உடனே ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கும் முதல் வீரரானார். 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது, ஐந்து வருட ஒளிபரப்புக்கு 30.4 கோடி பவுண்டு என்ற அறிவிப்போடு ஸ்கை தொலைக்காட்சி உள்ளே வந்தது. 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் ஜான் மார்க் பாஸ்மேன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரர், பழைய அணிக்குத் தரும் மாற்றுக் கட்டணம் இல்லாமல் இன்னொரு அணிக்குப் போகலாம். அணிகளிடம் பணம் இருந்தது, வீரரிடம் பேரம் பேசும் பலம் வந்தது. பெக்காம் மான்செஸ்டர் யுனைடெட்டின் முதல் அணியில் நிலையான இடம் பிடித்தது சரியாக அந்தப் பருவத்தில்தான். திறமையை மட்டும் சொல்லி இந்தக் கதையை முடித்துவிட முடியாது. ஃபின்னிக்கு இல்லாத திறமையா?

பெக்காம் 1975 மே 2 அன்று கிழக்கு லண்டனின் லேட்டன்ஸ்டோனில் பிறந்தார். அப்பா வீடுகளுக்குச் சமையலறை அமைத்துக் கொடுப்பவர், அம்மா முடி திருத்துபவர். அப்பா மான்செஸ்டர் யுனைடெட்டின் தீவிர ரசிகர். 11 வயதில் பெக்காம் பாபி சார்ல்டன் கால்பந்துப் பள்ளியின் திறன் போட்டியில் ஜெயித்து, பரிசாக பார்சிலோனா அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனார். 1991இல் யுனைடெட்டில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். அந்த வயதில் மூத்த வீரர்களின் காலணிகளைத் துடைப்பதும் வேலையின் ஒரு பகுதி.

நாடு முழுக்க அவர் பெயர் பரவியது 1996 ஆகஸ்ட் 17இல். விம்பிள்டனுக்கு எதிரான ஆட்டம் முடியும் நேரம். மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்தே பந்தை உயர உதைத்தார். முன்னே வந்து நின்ற கோல்கீப்பர் நீல் சல்லிவன் தலைக்கு மேலாகப் போய் விழுந்தது. அன்று அவர் போட்டிருந்த காலணியில் ‘சார்லி’ என்று பொறித்திருந்தது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி வீரர் சார்லி மில்லருக்காக அடிடாஸ் செய்த ஜோடி அது. பெயர் பொறித்த காலணி கிடைக்கும் அளவுக்குக்கூட அப்போது அவர் பெரிய ஆளில்லை. ஏழு வருடம் கழித்து அதே அடிடாஸ் அவரோடு வாழ்நாள் ஒப்பந்தம் போட்டது. அதன் மதிப்பு 16 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனேயை லேசாக உதைத்ததற்குச் சிவப்பு அட்டை. லண்டனில் ஒரு மதுக்கடை வாசலில் அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடமே யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் ஜெயித்தது. 2001 அக்டோபரில் கிரீஸுக்கு எதிராக கடைசி நிமிட ஃப்ரீகிக்கில் அவர் அடித்த கோல் இங்கிலாந்தை உலகக் கோப்பைக்கு அனுப்பியது. வெறுக்கப்பட்டவர் மூன்றே வருடத்தில் நாட்டின் செல்லப்பிள்ளையானார். விளம்பரக் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, அவர் தன் தலைமுறையின் ஆகச் சிறந்த வீரர் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பிரான்ஸின் ஜிடானும் பிரேசிலின் ரொனால்டோவும் அவரைவிட உயரத்தில் இருந்தவர்கள். வலது ஓரத்திலிருந்து அவர் அனுப்பும் கிராஸ், ஃப்ரீகிக், ஓய்வில்லாத ஓட்டம், இந்த மூன்றிலும் அவருக்கு இணை குறைவு. வேகமும் எதிராளியைத் தாண்டிப் போகும் வித்தையும் அவ்வளவாக இல்லை. ஆனால் தன் பெயரும் முகமும் ஆட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து விற்கக்கூடிய சரக்கு என்பதை அந்தத் தலைமுறையில் அவரளவுக்குப் புரிந்துகொண்டவர் யாருமில்லை.

அதற்குச் சட்டத்திலும் ஒரு வழி திறந்திருந்தது. 2000ஆம் ஆண்டு ஆர்சனல் வீரர்கள் டென்னிஸ் பெர்க்காம்ப், டேவிட் பிளாட் சம்பந்தப்பட்ட ஒரு வரி வழக்கில், வீரரின் முக உரிமைக்காக அணி தரும் பணம் சம்பளம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. வீரர் தன் பெயர், படம், கையெழுத்து ஆகியவற்றின் வணிக உரிமையை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். அணி, ஆடுவதற்கான சம்பளத்தை வீரருக்கும், முகத்துக்கான தொகையை அந்தக் கம்பெனிக்கும் தரும். சம்பளத்துக்கு அப்போது 40 சதவீத வருமான வரி. கம்பெனிக்கு அதைவிடக் குறைந்த வரி. பெக்காம் 2002இல் யுனைடெட்டோடு போட்ட ஒப்பந்தம் மாதக்கணக்கில் இழுத்ததற்கு இந்த முக உரிமைதான் காரணம். கடைசியில் வாரம் 70,000 பவுண்டு சம்பளம், முக உரிமைக்குத் தனியாக 20,000 என்று செய்தி வந்தது. டாம் ஃபின்னியின் காலம் முடிந்து அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாடகி விக்டோரியாவோடு 1999இல் நடந்த கல்யாணத்தின் படங்களுக்கு ‘ஓகே’ பத்திரிகை 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. பையனின் கவனம் சிதறுகிறது என்பது ஃபெர்குசனின் கவலை. 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்ற கோபத்தில் உடைமாற்றும் அறையில் அவர் எட்டி உதைத்த காலணி பறந்து போய் பெக்காமின் புருவத்துக்கு மேலே கிழித்தது. மறுநாள் முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, காயம் எல்லோருக்கும் தெரியும்படி அவர் வெளியே வந்தார். அந்தக் கோடையிலேயே 3.5 கோடி யூரோ வரை என்ற விலைக்கு ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. பேரம் முடிந்தபோது அவர் ஆசியாவில் விளம்பரச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். மாட்ரிட் தலைவர் ஃபுளோரென்டினோ பெரேஸின் கணக்கு தெளிவாக இருந்தது: நட்சத்திர வீரர்களின் விளம்பர வருமானத்தில் அணிக்குப் பாதி. அந்தக் கோடையில் அணி சீனா, ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து என்று ஆசியா முழுக்கச் சுற்றியது.

மாட்ரிட் காலத்தில் அவர் பெயர் ஒரு வரிச் சட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து ஸ்பெயினுக்கு வேலைக்கு வருபவர்கள் குறிப்பிட்ட வருடங்களுக்கு 24 சதவீத ஒரே வரி கட்டினால் போதும் என்று 2005இல் ஒரு விதி வந்தது. முதலில் பயன்பட்டவர்களில் இவரும் ஒருவர் என்பதால், அதை இன்றைக்கும் ‘பெக்காம் சட்டம்’ என்றே சொல்கிறார்கள். பிற்பாடு தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

சரி, இப்போது 2007க்கு வருவோம்.

அந்த ஜனவரியில் பெக்காம் மாட்ரிட்டை விட்டு அமெரிக்காவின் எல்.ஏ. கேலக்ஸி அணிக்குப் போவதாக அறிவித்தபோது வயது 31. ஐந்து வருடத்துக்கு 25 கோடி டாலர் என்று தலைப்புச் செய்திகள் வந்தன. உண்மையில் அவருடைய அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 65 லட்சம் டாலர்தான். விளம்பரம், ஜெர்சி விற்பனையில் பங்கு எல்லாம் சேர்ந்து எதிர்பார்க்கப்பட்ட தொகையே அந்த 25 கோடி. மாட்ரிட்டில் இன்னும் இருந்திருந்தால் கைக்கு உறுதியாக வரும் பணத்தில் கொஞ்சத்தை அவர் விட்டுக்கொடுத்தார் என்றே சொல்லலாம்.

கேலக்ஸி ஆடும் அமெரிக்க லீக்கான மேஜர் லீக் சாக்கர், சுருக்கமாக எம்.எல்.எஸ்., அன்றைக்கு மெலிந்த லீக். 1996இல்தான் தொடங்கியது. நடுவில் இரண்டு அணிகளை மூட வேண்டி வந்தது. ஒவ்வொரு அணியும் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு பெக்காம் ஒருவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே வரம்புக்கு வெளியே ஒரு நட்சத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று புதிய விதி கொண்டுவந்தார்கள். ‘பெக்காம் விதி’ என்று இதற்கும் அவர் பெயர்தான். அதே கேலக்ஸியின் உடைமாற்றும் அறையில் வருடத்துக்கு 12,900 டாலர் வாங்கும் இளம் வீரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊரில் அது வாடகைக்கே போதாது. ஒரே பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொள்ளும் இரண்டு பேருக்கு நடுவே 500 மடங்கு சம்பள வித்தியாசம். எனக்கு இந்தக் கதையிலேயே மனதை உறுத்தும் எண் இதுதான்.

இனி அந்த ஷரத்து. ஆடி முடித்த பிறகு எம்.எல்.எஸ்.-இல் ஒரு புதிய அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கும் உரிமை பெக்காமுக்கு உண்டு, நியூயார்க் தவிர எந்த ஊரிலும். இதை நிதிச் சந்தையில் ஆப்ஷன் என்பார்கள். வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. விலை ஏறினாலும் உங்களுக்குப் பழைய விலைதான். சம்பள வரம்பு உள்ள லீக்கால் கையில் காசாகக் கொடுக்க முடியாததை, எதிர்காலத்தின் ஒரு துண்டாகக் கொடுத்தார்கள். அவருடைய மேலாளர் சைமன் ஃபுல்லரும் கேலக்ஸியின் உரிமையாளர்களான ஏ.இ.ஜி. நிறுவனத்தின் டிம் லைவீக்கும் பேசி முடித்த பேரம் இது.

அன்றைக்கு 2.5 கோடி என்பது மலிவான விலையே இல்லை. அதே 2007இல் லீக்கில் சேர்ந்த டொரன்டோ அணி கட்டிய நுழைவுக் கட்டணம் 1 கோடி டாலர். அதாவது சந்தை விலையைப்போல இரண்டரை மடங்குக்கு வாங்கும் உரிமையைத்தான் அவர் கேட்டு வாங்கினார். பலருக்கும் அது வெறும் அலங்காரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் 2013இல் மான்செஸ்டர் சிட்டியும் நியூயார்க் யாங்கீஸும் சேர்ந்து நியூயார்க்கில் ஓர் அணியைத் தொடங்க 10 கோடி கட்டின. 2019இல் ஷார்லட் நகர அணிக்கு 32.5 கோடி. 2023இல் சான் டியாகோவுக்கு 50 கோடி. 16 வருடத்தில் நுழைவுச் சீட்டின் விலை 50 மடங்கு ஆகிவிட்டது. பெக்காமின் சீட்டு மட்டும் 2.5 கோடியிலேயே நின்றது.

விலை ஏறியதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் வந்த பிறகுதான் லீக்கை உலகம் திரும்பிப் பார்த்தது. தான் உழைத்து விலை ஏற்றும் சரக்கைப் பழைய விலைக்கே வாங்கும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தார். ஊர்ப்புறத்தில் ரோடு வரப்போகிறது என்று தெரிந்து நிலம் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் ரோட்டையே தான் போட்டார்.

ஆடுகளத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வருடங்கள் எளிதாக அமையவில்லை. 2007 ஜூலை 21 அன்று செல்சியோடு நடந்த நட்பு ஆட்டத்தில் வீங்கிய கணுக்காலோடு கடைசி சில நிமிடங்கள் ஆடினார். இத்தாலியின் ஏ.சி. மிலனுக்குக் கடனாகப் போய்த் தாமதமாகத் திரும்பியதால் 2009இல் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு அவமதித்தார்கள். 2010 மார்ச்சில் குதிகால் தசைநாண் அறுந்து உலகக் கோப்பை போனது. பிறகு நிலைமை மாறி 2011, 2012 இரண்டு வருடமும் கேலக்ஸி கோப்பையை வென்றது. கடைசியாக ஐந்து மாதம் பாரிஸ் அணிக்கு ஆடினார். அந்தச் சம்பளத்தை பாரிஸில் குழந்தைகளுக்கான தொண்டுக்குக் கொடுப்பதாக அறிவித்திருந்தார். 2013 மே மாதம் 38 வயதில் ஓய்வு. இங்கிலாந்து, ஸ்பெயின், அமெரிக்கா, பிரான்ஸ் நான்கிலும் லீக் பட்டம், நாட்டுக்காக 115 ஆட்டங்கள்.

2014 பிப்ரவரியில் மயாமியில் அணி தொடங்கும் உரிமையைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தார். அதன் பிறகு நடந்தது, கையில் நல்ல ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது என்பதைக் காட்டும் ஆறு வருடங்கள். மைதானம் கட்ட இடம் இருந்தால்தான் அணி என்பது லீக்கின் நிபந்தனை. முதலில் மயாமி துறைமுகத்தில் இடம் பார்த்தார்கள். கப்பல் கம்பெனிகள் எதிர்த்தன. அடுத்து நகர மையத்தில் கடலோரப் பூங்கா, மக்கள் எதிர்த்தார்கள். பேஸ்பால் மைதானத்தின் பக்கத்தில் ஓர் இடம், பிறகு ஓவர்டவுன் என்ற பகுதியில் இன்னோர் இடம். ஒன்றும் கைகூடவில்லை. ஊரில் பலர் இது நடக்காது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

வெளியூர் நட்சத்திரத்தால் முடியாததை உள்ளூர்க்காரர்கள் முடித்தார்கள். மயாமியின் கியூப வம்சாவளித் தொழிலதிபர்களான ஹோர்கே மாஸ், ஹோசே மாஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்த பிறகு, 2018 ஜனவரியில் லீக் அனுமதி கொடுத்தது. அதே நவம்பரில் நகரத்துக்குச் சொந்தமான ஒரு கோல்ஃப் மைதானத்தில் கட்டலாமா என்று வாக்கெடுப்பு நடத்தி, சுமார் 60 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதற்கும் குத்தகை ஒப்புதல் 2022இல்தான் கிடைத்தது. இடைக்காலத்துக்கு ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு மைதானத்தைக் கட்டி, இன்டர் மயாமி என்ற பெயரில் 2020 மார்ச் 1 அன்று முதல் ஆட்டம் ஆடினார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததுமே கொரோனாவால் லீக் நின்றது. 2021இல் வீரர்களின் சம்பளக் கணக்கை முறையாகக் காட்டவில்லை என்று லீக் அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. எந்த விதியைத் தாண்டி பெக்காமை உள்ளே கொண்டுவர ஒரு தனி விதி போட்டார்களோ, அதே சம்பள வரம்பில்தான் அவர் அணி மாட்டியது. அதே வருடம் பெக்காமும் மாஸ் சகோதரர்களும் மற்ற இரண்டு பெரிய பங்குதாரர்களான மார்செலோ க்ளௌரே, மசயோஷி சன் ஆகியோரின் பங்குகளை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2.5 கோடி என்பது கதவைத் திறக்கும் கட்டணம் மட்டுமே. மைதானம், பயிற்சி நிலையம், வீரர்கள் என்று மற்ற செலவு பெரும் பெரும் தொகை. அதைப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் மாஸ் சகோதரர்கள். அணியை நடத்தும் முதன்மை உரிமையாளர் ஹோர்கே மாஸ்தான். ‘பெக்காமின் அணி’ என்று நாம் சொன்னாலும் பெக்காம் அதில் ஒரு பங்குதாரர். அணியின் முழு மதிப்பையும் அவர் சொத்தில் சேர்த்துப் போடும் யூடியூப் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

2023 ஜூலையில் லியோனல் மெஸ்ஸி வந்து சேர்ந்தார். அப்போது இன்டர் மயாமி கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. மெஸ்ஸியின் முதல் ஆட்டமும் ஜூலை 21. பெக்காம் கேலக்ஸிக்காக முதலில் இறங்கிய அதே தேதி, 16 வருடம் கழித்து. க்ரூஸ் அசூல் அணிக்கு எதிராக ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரத்தில் மெஸ்ஸி ஃப்ரீகிக்கில் கோல் அடித்தார். உரிமையாளர் இருக்கையில் பெக்காமின் கண் கலங்கியதைக் கேமரா காட்டியது. அடுத்த மாதமே லீக்ஸ் கோப்பை, 2024இல் லீக் ஆட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்த அணிக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு, 2025 டிசம்பரில் லீக் கோப்பை. ஃபோர்ப்ஸ் பத்திரிகை 2023 தொடக்கத்தில் அணியின் மதிப்பை 60 கோடி டாலர் என்று போட்டது. அடுத்த வருடம் அது 100 கோடியைத் தாண்டியது, 2025இல் 120 கோடி.

முகத்தை விற்கும் வேலையும் இதற்கு இணையாக நடந்துகொண்டே இருந்தது. 2019இல் ஃபுல்லர் தரப்பின் பங்குகளை வாங்கித் தன் பிராண்டு கம்பெனியைக் கைக்குள் கொண்டுவந்தார். 2022இல் அதில் 55 சதவீதத்தை அமெரிக்காவின் ஆதென்டிக் பிராண்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனத்தில் அவரும் பங்குதாரரானார். பிரபலங்களின் பெயர்களை வாங்கி உரிமம் கொடுத்துச் சம்பாதிப்பதே அவர்கள் தொழில். எல்விஸ் பிரெஸ்லி, மர்லின் மன்றோ, முகமது அலி போன்ற மறைந்தவர்களின் பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன. இந்த வியாபாரத்தின் அடிப்படை அங்கேதான் தெரிகிறது: ஆள் ஓய்வு பெற்றாலும், இறந்தே போனாலும் பெயர் சம்பாதித்துக்கொண்டிருக்கும்.

எல்லாமே ஜெயித்ததாகவும் நினைத்துவிட வேண்டாம். அவர் ஆதரவோடு 2020இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்த கில்ட் இ-ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனி, கணினி விளையாட்டு அணிகளை நடத்தியது. பங்கு ஒன்று 8 பென்ஸுக்கு வெளியானது. சில வருடங்களில் ஒரு பென்னிக்கும் கீழே போனது. பெக்காமின் பெயரைப் பயன்படுத்த ஐந்து வருடத்தில் குறைந்தது 1.5 கோடி பவுண்டுக்கு மேல் அவருக்குத் தர வேண்டும் என்று கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. அவர் பெயரை நம்பிப் பங்கு வாங்கிய சாதாரண ஆட்களுக்கு அந்த மாதிரி உத்தரவாதம் எதுவும் இருக்கவில்லை. விக்டோரியாவின் ஆடை நிறுவனமும் பல வருடம் நஷ்டத்தில் ஓடியது. குடும்பப் பணம்தான் தாங்கிப் பிடித்தது.

2022 உலகக் கோப்பைக்குக் கத்தாரின் தூதராக அவர் பணம் வாங்கிக்கொண்டது பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த மைதானங்களையும் சாலைகளையும் கட்டியவர்கள் நேபாளம், வங்கதேசம், இந்தியா, இலங்கை என்று நம் பக்கத்து ஆட்கள். கொளுத்தும் வெயிலில் வேலை, நிலுவைச் சம்பளம், பெட்டியில் திரும்பி வந்த உடல்கள் என்று மனித உரிமை அமைப்புகள் வருடக்கணக்கில் எழுதின. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாகக் கருதும் நாட்டுக்கு, தன்பாலின ரசிகர்களை வெளிப்படையாக வரவேற்ற ஒருவர் எப்படி முகமாக இருக்கலாம் என்று பிரிட்டனில் கேட்டார்கள். விளையாட்டு நாடுகளுக்கு இடையே பேச்சைத் தொடங்கி வைக்கும் என்று அவர் தரப்பு சொன்னது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஷாம்பூவுக்கும் கடிகாரத்துக்கும் முகம் கொடுப்பதும், தொழிலாளர் சாவு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாத ஏற்பாட்டுக்கு முகம் கொடுப்பதும் ஒன்றாகாது. 2025இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது, இது எதுவும் தடையாக இருக்கவில்லை.

இவரோடு இங்கிலாந்து அணியில் ஆடிய கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸின் கதை வேறு. பிரீமியர் லீக்கில் 572 ஆட்டங்கள். அந்தக் காலத்தின் நல்ல சம்பளம். 2014இல் அவர் திவால் ஆனார். சேர்த்து வைத்த ஜெர்சிகளும் நினைவுப் பொருட்களும் ஏலத்துக்குப் போயின. அதே வருடம் 44 வயதில் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு வீரராகவும் மேலாளராகவும் வந்து, அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். கொச்சியில் அவரைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பலர். விளையாட்டு வீரரின் சம்பளம் 20 வயதில் தொடங்கி 35இல் நின்றுவிடும். பெரிய தொகை வரும் அந்த வருடங்களில் வரி, முகவர், மணமுறிவு, தப்பான முதலீடு எல்லாமே பெரிதாகத்தான் வரும். நின்ற பிறகு மாதாமாதம் வருவதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு அது பயிற்சியாளர் வேலை அல்லது தொலைக்காட்சி வர்ணனை, அதாவது இன்னொரு சம்பளம். பெக்காமின் கையில் இருந்தது பங்கு.

மெஸ்ஸியின் ஒப்பந்தத்தைப் பார்த்தால் லீக்கும் வீரர்களும் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது புரியும். எம்.எல்.எஸ்.-இன் ஒளிபரப்பு உரிமையை 10 வருடத்துக்கு 250 கோடி டாலர் என்ற பேரத்தில் 2022இல் ஆப்பிள் வாங்கியது. 2023இல் மெஸ்ஸி சேர்ந்தபோது, புதிதாகச் சேரும் சந்தாதாரர்களிடமிருந்து வரும் வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு என்று பேசினார்கள். அடிடாஸ் விற்பனையிலும் பங்கு. சவூதி அரேபியாவிலிருந்து இதைவிடப் பெரிய சம்பளத்துக்கு அழைப்பு வந்தும் அவர் மயாமியைத் தேர்ந்தெடுத்ததில் குடும்பக் காரணங்களும் உண்டு. அதோடு இன்டர் மயாமியிலேயே ஒரு பங்கை வாங்கும் உரிமையும் அவர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2025 அக்டோபரில் அந்த ஒப்பந்தத்தை 2028 வரை நீட்டித்தார்கள். அது முடியும்போது மெஸ்ஸிக்கு 41 வயதாகியிருக்கும்.